உணவியற் பட்டமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவந்து, உயர்தர வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும் வாரங்களில், பாடசாலை அதிபர் ஒருவருடைய அறை ஏறக்குறைய வைத்தியரின் அறையாகவே மாறிவிடுகிறது. பெற்றோர் வருகின்றனர், பிள்ளையை முன்னே நிறுத்துகின்றனர், இதற்கு எந்தப் படிப்புப் பொருந்தும் என்று கேட்கின்றனர். அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர் தெரணியகலைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றிற் பால் வெட்டும் தொழிலாளி. அவருடைய மகள் உணவியல் என்னும் துறையிற் பட்டம் பெற விரும்புவதாகச் சொன்னாள். தந்தையார் என்னை நோக்கி, "சமைப்பதற்குப் பல்கலைக்கழகமா ஐயா? அதை இவள் அம்மாவே சொல்லிக் கொடுத்துவிடுவாளே" என்றார். அவர் கேள்வியில் ஏளனம் இல்லை. உண்மையான ஐயமே இருந்தது. அந்த ஐயம் அவருக்கு மட்டும் உரியதும் அன்று.

ஆதலின், உணவியல் என்பது யாது, அதிற் பட்டம் பெற்று முடிப்பதற்கு ஒரு மாணவர் எவற்றையெல்லாம் நிறைவேற்ற வேண்டும், இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் வாழும் நமக்கு அதனால் ஆவது என்ன என்பவற்றை இன்று பேச எண்ணுகிறேன். நான் கலைப் பட்டதாரி. விஞ்ஞானச் செய்திகளை அத்துறையினரிடம் கேட்டும் படித்தும் அறிந்தே சொல்கிறேன். ஆனால் ஒரு படிப்பிற் பிள்ளைகள் எவ்விடத்தில் இடறுகின்றனர் என்பதை அறிந்துகொள்ள இரசாயனவியல் தேவைப்படுவதில்லை. பல ஆண்டுகள் பாடசாலையிற் கழித்திருந்தாற் போதும்.

சமையல் என்பது உணவை ஆக்கும் கலை. உணவியலோ, உண்ட உணவு உடலினுள் என்ன ஆகிறது, எவருக்கு எது எவ்வளவு வேண்டும், நோயுற்றபோது எதைக் குறைத்து எதைக் கூட்ட வேண்டும் என்று ஆராய்ந்து, அவ்வாராய்ச்சியை ஒரு மனிதருடைய அன்றாடத் தட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் துறை. மருத்துவர் நோயை அறிந்து மருந்து எழுதுகிறார். அந்த நோயாளி காலையில் என்ன உண்பது, இரவில் என்ன உண்பது என்று அவருடைய வருமானத்துக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப வகுத்துக் கொடுப்பவர் உணவியலாளர்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறேன். குருதிச்சோகை உள்ள தாய்க்குக் கீரை நல்லது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். அதே வீட்டில் சிறுநீரகம் பழுதடைந்த முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவருக்கு அக்கீரையே தீங்காகக் கூடும். கீரையிலும் வாழைப்பழத்திலும் இளநீரிலும் பொட்டாசியம் என்னும் உப்பு மிகுந்துள்ளது. நல்ல சிறுநீரகம் மிகுதியை வெளியேற்றிவிடும். பழுதுற்ற சிறுநீரகத்தால் அது இயலாது. குருதியில் அவ்வுப்பு ஏறினால் இதயத்தின் துடிப்பே தடுமாறும். ஆகவே அவருக்குரிய காய்கறியைச் சிறிதாக நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். ஆனால் மற்றவர்களுக்குச் சமைக்கும்போது அந்நீரைக் கொட்டுவது சத்தைக் கொட்டுவதாகும். ஒரே அடுப்பில் ஒரே தாய் இருவருக்கும் சமைக்கிறாள். இந்த நுட்பத்தை அவளுக்கு எவர் எடுத்துச் சொல்வார்?

இத்துறை மேல்நாட்டில் மட்டும் பிறந்து வளர்ந்தது என்று கருதிவிட வேண்டாம். 1917 ஆம் ஆண்டில், முதல் உலகப் போரின்போது, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் உணவியலாளர் சங்கமொன்று தோன்றியது உண்மை. அதற்கு அடுத்த ஆண்டிலேயே, 1918 இல், நீலகிரி மலையிலுள்ள குன்னூரில் ராபர்ட் மக்கரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் அவர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே ஊட்டிப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்பன சேர்ந்த பஞ்சாபிய உணவை உண்டவை செழித்து வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரிதும் நம்பிய சென்னை மாகாணத்து உணவை உண்டவை மெலிந்து நின்றன. நம் முன்னோர் கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தது அந்த மாகாணத்திலிருந்துதான் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். குன்னூரில் ஓர் அறையில் தொடங்கிய அப்பணி 1958 இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இன்று அது இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். நம் இலங்கையிலும் லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ ஆராய்ச்சியாளர் 1930களிலேயே வெப்பமண்டல மக்களின் உணவுக் குறைகளை ஆராய்ந்து எழுதினார்.

இனி, நம் தோட்டங்களின் நிலையைப் பார்ப்போம். 2016 ஆம் ஆண்டில் நாடெங்கும் நடத்தப்பெற்ற குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் வளராதோர் இலங்கை முழுவதற்கும் 100 க்கு 17 பேர். தோட்டப் பகுதிகளில் மட்டும் அத்தொகை 100 க்கு 32. மூன்று பிள்ளைகளில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். உயரக்குறைவு ஒரு நாட் பசியால் வருவதன்று. தாய் கருவுற்ற நாள் முதல் பிள்ளைக்கு இரண்டு வயது நிறையும்வரை, ஏறத்தாழ ஆயிரம் நாள்களில் நேர்ந்த குறை அவ்வுடலில் எழுதப்பட்டுவிடுகிறது. ஆறாம் வகுப்பில் முன் வாங்கிலே உட்காரும் சிறு உருவங்களைக் காணும்போதெல்லாம் இந்த எண்கள் என் நினைவுக்கு வருகின்றன.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை நம் முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அரிசியும் மாவும் கிடையாமல் மரவள்ளியும் இலை குழையும் தின்று, பலர் மாண்ட காலம் அது. அதே 1973 இல்தான் சோளமும் சோயா அவரையும் பாற்பொடியும் சேர்த்த திரிபோஷா என்னும் சத்துமா இந்நாட்டில் வழங்கத் தொடங்கியது. இன்று அத்தகைய பஞ்சம் இல்லை. எனினும் 2022 இல் விலைவாசி ஏறியபோது, முட்டையும் கருவாடும் முதலில் மறைந்தது லயத்து அடுப்படிகளிலிருந்துதான் என்பதை நாம் கண்ணாரக் கண்டோம்.

வறுமை ஒன்றே காரணம் என்று சொல்லிவிட்டால் நம் வேலை எளிதாகிவிடும். ஆனால் வறுமைக்கு உள்ளேயே வழக்கம் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆராய்வதுதான் உணவியலாளரின் தொழில். அதிகாலையிற் பிரட்டுக்குச் செல்லும் பெண் கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்டு, கடுஞ்சாயத் தேநீரைக் குடித்துவிட்டு மலையேறுகிறாள். பகலுணவோடும் அதே தேநீர். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடலிலேயே பற்றிக்கொண்டு குருதியிற் சேரவிடாமற் செய்கின்றன என்பது ஐயத்துக்கிடமின்றி அறியப்பட்ட செய்தி. உலகுக்கெல்லாம் தேயிலை கொடுக்கும் கைகளுக்கு உரியவள் குருதிச்சோகையால் மூச்சு வாங்கி நிற்பதில் அத்தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு! அவளைத் தேநீரை விட்டுவிடச் சொல்வது நடவாது. குளிரிலும் மழையிலும் அவளுக்கு வேறு ஆறுதல் ஏது? உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணி நேரம் விடச் சொல்லலாம். சம்பலில் தேசிக்காய்ப் புளியைத் தாராளமாகப் பிழியச் சொல்லலாம். புளிப்பிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பு சேர்வதற்குத் துணை செய்கிறது. காசு மிகுதியாகச் செலவாகாத மாற்றங்கள் இவை.

பாலும் பழமும் மீனும் உண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகும் அறிவுரைகளை நம் மக்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள். தலையசைப்பார்கள், வீட்டுக்கு வந்து ரொட்டி சுடுவார்கள். சப்பிரகமுவ மண்ணில் பலாவும் ஈரப்பலாவும் மரவள்ளியும் வல்லாரையும் முருங்கையும் எளிதாக வளர்கின்றன. பலாக்கொட்டையை அவித்து உண்பதா, எறிவதா. ஈரப்பலா சோற்றுக்குக் கறியா, சோற்றுக்குப் பதிலா. இவையெல்லாம் இந்த மண்ணை அறிந்தவர் தீர்த்துவைக்க வேண்டிய கேள்விகள். நீரிழிவு உள்ளவர் ஈரப்பலாவைக் கறியென்று நினைத்துச் சோற்றின்மேற் போட்டு உண்பாராயின், அவர் உண்பது இரண்டு மடங்கு மாச்சத்து. வெளியிலிருந்து வரும் அறிவுரையாளருக்கு இது தெரியாது.

நம் மாவட்டங்கள் ஒரு காலத்தில் முன்கழுத்துக் கழலைக்குப் பெயர்போனவை என்பதையும் சொல்ல வேண்டும். மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியின் மண்ணில் அயடீன் குறைவு. 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்ட பின்னர் அந்நோய் வெகுவாகக் குறைந்தது. ஆராய்ச்சியில் அறிந்த ஒன்று ஏழையின் உப்புப் பானைவரை வந்து சேர்ந்ததற்கு இதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது படிப்புக்கு வருவோம். இந்நாட்டில் இத்துறையை நாடும் மாணவர் முதலில் அறிய வேண்டிய இடம் 1999 இல் நிறுவப்பெற்ற வயம்பப் பல்கலைக்கழகம். அதன் மாக்கந்துர வளாகத்திலுள்ள கால்நடை, மீன்பிடி, போசணையியற் பீடத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் என்னும் நான்காண்டுப் பட்டநெறி நடைபெறுகிறது. நம் மாகாணத்துக்கு உள்ளேயே, பெலிஹுல்ஓயாவிலுள்ள சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகிறது. அது உணவுப் பொருள் உற்பத்தியின் பக்கம் சாய்ந்தது. இரண்டையும் ஒன்றெனக் கருதிக் குழம்பும் மாணவர் உண்டு.

இப்படிப்புக்குள் நுழைய உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு வேண்டும். இரசாயனவியல் அதன் தூண். நம் பிள்ளைகளிற் பலருக்கு வாயில் அடைபடுவது இங்கேதான். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கும் இரத்தினக்கல் அகழும் வயல்களுக்கும் இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கின்றன. ஒரு பள்ளத்தாக்கில் உயிரியல் படிக்க விரும்பும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, அடுத்த பள்ளத்தாக்கில் இன்னொருத்தி. இருவருக்காக ஒரு வகுப்பைத் திறக்கக் கல்வி அலுவலகம் தயங்குகிறது. வகுப்பு இல்லாமையால் அடுத்த ஆண்டு அந்த இருவரும் கலைப் பிரிவுக்கு வந்து என் போன்றோரிடம் வரலாறு படிக்கின்றனர். வரலாறு படிப்பதில் எனக்கு வருத்தமில்லை. வேறு வழியின்றிப் படிப்பதில்தான் வருத்தம்.

அனுமதி முறையிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விஞ்ஞானத் துறைகளுக்கான இடங்களில் பொதுவாக 100 க்கு 40 நாடளாவிய திறமை வரிசைப்படியும், 55 மாவட்டங்களின் மக்கள்தொகைப்படியும், மீதமுள்ள 5 கல்வி வசதியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. அந்தப் பதினாறினுள் இரத்தினபுரி இருக்கிறது, கேகாலை இல்லை. எஹலியகொடையிலிருந்து தெஹியோவிற்றை அதிக தூரமன்று. இரண்டு தோட்டங்களிலும் லயம் ஒன்றே, கூலி ஒன்றே. ஆயினும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும் சிறு சலுகை மற்றப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. கேகாலைப் பெற்றோர் இதை அறிந்து தம் பிள்ளைகளை இன்னும் ஊக்கமாகப் படிக்க வைக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

உள்ளே சென்றுவிட்டாற் பட்டம் கையில் வந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அனுமதிக் கடிதம் வந்த அன்று தோட்டமே கூடிப் பொங்கலிட்டு மாலை போடுகிறது. அதன்பின் நான்கு ஆண்டுகள் அப்பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்பார் இல்லை. ஆகவே பட்டத்தை முடிப்பதற்குரிய நிபந்தனைகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி நான்காண்டுச் சிறப்புப் பட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 120 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது படிப்பின் அளவுகோல். ஒரு கிரெடிட் என்றால் விரிவுரை, பயிற்சி, தானே அமர்ந்து படிப்பது யாவும் சேர்த்து 50 மணி நேர உழைப்பு. ஆராய்ச்சிக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஒரு கிரெடிட்டுக்குக் குறைந்தது 100 மணி நேரம். ஆக, பட்டத்தின் விலை குறைந்தது 6,000 மணி நேரம். மலையிற் கொழுந்து பறிப்பவர் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உழைப்பதாகக் கொண்டால், 750 நாட் பேருக்கு ஒப்பானது அது. இக்கணக்கைத் தோட்டத்துத் தந்தையர் உடனே விளங்கிக்கொள்கின்றனர். பல்கலைக்கழகத்திற் பிள்ளைகள் சும்மா இருக்கிறார்கள் என்ற பேச்சும் அத்தோடு நின்றுவிடுகிறது.

மணி நேரம் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற தரங்களைக் கூட்டிக் கணிக்கும் தரப்புள்ளிச் சராசரி 2.00 க்குக் குறையாதிருந்தாற் பட்டம் கிட்டும். 3.00, 3.30, 3.70 என ஏறுந்தோறும் வகுப்புச் சித்தி உயரும். வரவுக்குக் குறைந்த அளவு உண்டு. ஆய்கூடப் பயிற்சிகளைத் தவறவிட முடியாது. இவற்றுக்கெல்லாம் முன்னதாக நிற்பது ஆங்கிலம். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் விஞ்ஞானம் படித்த பிள்ளை, முதல் வாரத்திலேயே ஆங்கிலத்தில் உயிர்இரசாயனம் கேட்க நேர்கிறது. நொதியம் என்று அறிந்ததை வேறு பெயரில் கேட்டுத் திகைத்து நிற்கிறது. முதலாண்டில் மதிப்பெண் தாழ்வதற்கு அறிவுக் குறைவு காரணமன்று என்பதை அப்பிள்ளைக்கு எவரேனும் சொல்லிவைத்தல் அவசியம்.

பரீட்சை எழுதாமல் விடுவதில் உள்ள ஆபத்தைக் குறித்து ஒன்று கூறியாக வேண்டும். எங்கள் பக்கத்து மாணவி ஒருத்தி, வேறொரு பல்கலைக்கழகத்தில் வேறொரு விஞ்ஞானத் துறையிற் படித்தவள், தாயார் நோயுற்றார் என்று கேட்டதும் பரீட்சை நாளில் வீட்டுக்குப் புறப்பட்டு வந்துவிட்டாள். மகளின் கடமை அது. குறை சொல்ல இடமில்லை. ஆனால் உரிய காலத்திற்குள் உரிய சான்றுகளோடு பீடத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது அவளுக்கும் தெரியவில்லை, வீட்டாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஆண்டு அதே பாடத்தை நன்றாகவே எழுதினாள். மீண்டும் எழுதுவோராக அவளைக் கணக்கிட்டமையால், சித்திக்கு மேற்பட்ட தரம் வழங்கப்படவில்லை. வகுப்புச் சித்தி நழுவிற்று. பெரும்பாலான பீடங்களில் இவ்விதி உண்டு. பல்கலைக்கழகக் கையேட்டின் அந்தப் பக்கத்தைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே படித்துக்கொள்ள வேண்டும். தந்தையர் அதைத் தமிழிற் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்வதும் நல்லது.

இறுதியாண்டில் வருபவை ஆராய்ச்சியும் களப்பயிற்சியும். ஒரு பொருளைத் தெரிவு செய்து, ஆராய்ந்து, ஆய்வேடு எழுதி, ஆசிரியர் முன்னிலையில் வாய்மொழியாக விளக்கிக் காட்ட வேண்டும். நூலகத்தின் துணைகொண்டு ஓரளவு இதைச் செய்துவிடலாம். களப்பயிற்சியோ அவ்வாறன்று. உணவியலாளர் என்ற பெயருக்குரியவரை உருவாக்குவது அதுவே என்று நான் கருதுகிறேன். உலகம் முழுவதும் அவ்வாறே கருதுகிறது. அமெரிக்காவில், பதிவுபெற்ற உணவியலாளராக விரும்புவோர் வகுப்பறைப் படிப்புக்கு அப்பால், மேற்பார்வையின்கீழ்க் குறைந்தது 1,000 மணி நேரம் மருத்துவமனைகளிலும் சமூகத்திலும் பயிற்சி பெற வேண்டும். 2024 ஆம் ஆண்டு தொடக்கம் முதுகலைத் தரத்துப் பட்டமும் இன்றியமையாததாகிவிட்டது. தமிழ்நாட்டில், கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் மனையியற் கல்லூரி 1957 இல் தோன்றிய நாள் முதல் பெண்களுக்கு இத்துறையைக் கற்பித்து வருகிறது. 1988 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதை வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் அம்மையார், சத்துணவு பற்றிய அறிவைப் பள்ளிப் பிள்ளைகளின் பகலுணவோடு இணைத்துப் பார்த்தவர். இந்தியாவில் 2021 இல் இயற்றப்பட்ட துணைமருத்துவத் தொழில்கள் பற்றிய சட்டம் உணவியலாளரையும் தன் பட்டியலிற் சேர்த்துள்ளது.

களப்பயிற்சியில் மாணவர் என்ன செய்கின்றனர்? நோயாளி அல்லது வீட்டுத் தலைவியின் அருகில் அமர்ந்து, நேற்று விடிந்ததிலிருந்து இன்று விடியும்வரை வாயில் வைத்தது ஒவ்வொன்றையும் கேட்டு எழுதுவது ஒரு முறை. எளிய வேலை போலத் தோன்றும். செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள்! நம் பெண்கள் தாம் உண்டதைச் சொல்லக் கூசுவார்கள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு இருந்ததைச் சாப்பிட்டேன்" என்பார்கள். இருந்தது எவ்வளவு? அதை எவ்வாறு கிராமில் எழுதுவது? என்னிடம் படித்து இப்போது இத்துறையிற் பயிலும் பெண்ணொருத்தி, விடுமுறையில் வந்தபோது ஒரு சிறு தராசோடு வந்தாள். தன் பாட்டியார் அரிசி அளக்கும் சுண்டையும், லயத்தில் அவரவர் சுடும் ரொட்டியையும் நிறுத்துக் குறித்தாள். ஒரே ரொட்டி என்று சொல்லப்படுவது வீட்டுக்கு வீடு எடையில் வேறுபட்டது. மாவைப் பிசையும் கை பெரிதாயின் ரொட்டி பெரிது. மாதக் கடைசியாயின் ரொட்டி சிறிது. மாதத் தொடக்கத்தில் ஆய்வாளர் வந்தால் ஒரு கணக்கு, மாத முடிவில் வந்தால் வேறு கணக்கு. அவளுடைய குறிப்பேட்டைப் பார்த்தபோது, இத்தனை காலம் இந்தத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்த எனக்கே அது புதிய செய்தியாயிருந்தது.

எனது கருத்து இதுதான். இத்துறையில் நம் நாட்டிற் பயிலும் மாணவர்களின் களப்பயிற்சியில் ஒரு பகுதியேனும் தோட்டங்களில் நடைபெற வேண்டும். இரத்தினபுரியில் போதனா வைத்தியசாலை உண்டு. சப்பிரகமுவப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமும் அங்கே இயங்குகிறது. முன்னாளிற் பிள்ளைக்காம்பரா என்று வழங்கிய சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் தோட்டங்களில் இருக்கின்றன. குடும்பநல மருத்துவ மாதர் பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்துப் பதிகின்றனர். அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. எடை குறைந்தது என்று அட்டையிற் குறிப்பவர் இருக்கிறார். ஏன் குறைந்தது என்று அடுப்படிவரை சென்று பார்ப்பதற்கு அவருக்கு நேரமில்லை. அந்த இடத்துக்குரிய ஆள் களப்பயிற்சி மாணவர். பயிற்சிக்கு அவர்களுக்கு நோயாளர் விடுதி எவ்வளவு தேவையோ, லயமும் அவ்வளவு தேவை. தமிழ் அறியாத மாணவர் வருவாராயினும் வரவேற்கவே வேண்டும். உடன் நின்று மொழிபெயர்க்க எங்கள் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இருக்கின்றனர். அவ்வாறு ஒருநாள் உடன் நின்ற பிள்ளைக்குத் தானும் அதைப் படிக்கலாம் என்ற எண்ணம் தோன்றாதா?

"பட்டம் முடித்தால் வேலை கிடைக்குமா?" என்று கேட்பீர்கள். பட்டம் பெற்ற மறுநாள் நியமனக் கடிதம் வரும் துறை இதுவன்று. உணவு உற்பத்தி நிறுவனங்கள், தனியார் மருத்துவமனைகள், ஆய்வுத் திட்டங்கள், வெளிநாடு என்று வழிகள் உண்டு. மேற்படிப்புக்குப் பேராதனையிலுள்ள விவசாயப் பட்டப்பின் நிறுவகம் போன்றவை இருக்கின்றன. வெளிநாடு செல்ல எண்ணுவோர், அந்தந்த நாட்டில் பதிவுக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி கேட்கிறார்கள் என்பதை இங்கே படிக்கும் காலத்திலேயே அறிந்து, தாம் பெற்ற பயிற்சிக்கு மேற்பார்வையாளரின் ஒப்பத்தோடு சான்று வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் தேடினால் ஒப்பமிட்டவர் ஓய்வு பெற்றிருப்பார்.

உயர்தரப் பாடத் தெரிவை எதிர்நோக்கியிருக்கும் மாணவர்களுக்கு மூன்று செய்திகள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கையேடு தமிழிலும் கிடைக்கிறது. உங்கள் பாடசாலை நூலகத்தில் இல்லையாயின் அதிபரைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். இத்துறைக்கு வேண்டிய பாடச் சேர்க்கையை அதில் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறர் வாய்ச்சொல்லை நம்பிப் பாடம் எடுத்துவிட்டு ஈராண்டின் பின் வருந்தியவர்கள் இருக்கின்றனர். உங்கள் தோட்டத்துக்கு அண்மையில் தமிழ்மொழி மூல விஞ்ஞான வகுப்பு இல்லையாயின், அயற்பாடசாலைகளில் உங்களைப் போல் விரும்புவோர் எத்தனை பேர் என்று பெயர் திரட்டி, பெற்றோரின் ஒப்பத்தோடு வலயக் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பியுங்கள். இருவராகக் கேட்டபோது திறக்கப்படாத வகுப்பு, பன்னிருவராகக் கேட்டபோது திறக்கப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். விண்ணப்பத்தைப் புதிய தவணை தொடங்குமுன் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர் இடமாற்றங்கள் தீர்மானிக்கப்பட்ட பிறகு கொடுத்தால் ஓராண்டு வீணாகும்.